குழாய் குடித்த மருந்து

ஆகஸ்ட் 4, திங்கள்

புது நோட்டு. செல்வின் தன் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் ஒரு கபடி வீரர் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். பி.டி. மாஸ்டரைக் கட்டிக்கொண்டால் நாட்குறிப்புகூட இப்படித்தான் அமையும்.

காலையில் நாசரேத்திலிருந்து அம்மா போன். "பெரியப்பாவுக்கு முட்டு வலியாம்ட்டி பிரிசி, ஒன் கடையில இருந்து ஒரு தைலம் அனுப்பு" என்றாள். எனக்குக் கடை கிடையாது என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. அதில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதில் நான் மருந்தாளுநர். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு டாக்டரிடம் சொல்வது என் வேலை. அம்மாவுக்கு அதுவும் கடைதான். தைலம் அனுப்பிவிட்டேன்.

மதியம் திருப்பூரிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. பிறந்து இருபது மணி நேரம். அம்மா வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அதை மூச்சில் இழுத்திருக்கிறது. வென்டிலேட்டர் வைத்தும் பயனில்லை. மூன்று மணிக்கு எக்மோவில் போட்டார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும் இயந்திரம் அது. இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருக்கும்போது நுரையீரல் தேறி வர வேண்டும். பெயர் இன்னும் வைக்கவில்லை. பலகையில் "கோகிலவாணி குழந்தை, 2.9 கிலோ" என்று இருக்கிறது.

எக்மோ பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்கே தனி. அந்த இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்கள் மருந்தைக் குடிக்கும், அதிலும் தூக்க மருந்து என்றால் அதற்கு உயிர். பிள்ளைக்கென்று கொடுப்பதில் ஒரு பெரும்பங்கைக் குழாயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிள்ளை அரைத் தூக்கத்தில் உதறினால் கழுத்தில் செருகிய குழாய் நழுவும். நழுவினால் சில நிமிடம்கூடத் தாங்காது. அதனால் புதுக் குழாய் என்றால் ஒன்றரை மடங்கு என்று நானே ஓர் அட்டவணை போட்டு, லேமினேட் செய்து, நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அடியில் என் கையெழுத்து. இரண்டு வருடமாகிறது, ஒரு மூலைகூட உரியவில்லை.

பிள்ளையைப் போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பதில்லை என்பது என் கொள்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளையைத் தினமும் போய்ப் பார்த்து, பிறகு ஒரு வாரம் சாப்பிட முடியாமல் கிடந்தேன். அதற்கப்புறம் காகிதத்தோடு சரி. இன்று ஒரே ஒரு தடவை கட்டில் பக்கம் போனேன், பேனாவை அங்கே வைத்துவிட்டதால். பேனா எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதினொரு மணிக்கு நர்ஸ் தேன்மொழி போன் செய்தாள். "மேடம், உங்க குழாய் நல்லாவே குடிக்குது. பாப்பா காலத் தூக்கித் தூக்கி உதைக்கறா, வாங்க."

அட்டவணைப்படி அளவை ஏற்றச் சொன்னேன். மாலையில் மறுபடி ஏற்றினோம். தூங்கிவிட்டது. டாக்டர் இளங்கீரன், "பிரிசில்லா, உங்க கணக்கு நமக்கு வேதவாக்கு" என்றார். அவர் யாரையும் லேசில் புகழ மாட்டார் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நடைக்கூடத்தில் பிள்ளையின் அப்பா என்னை மறித்தார். சென்னியப்பன் என்று பெயர், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். மனைவிக்கு ஆபரேஷன் பிரசவம், அங்கேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மனிதரின் நகக்கண்ணெல்லாம் நீலம்.

"ஏனுங்க மேடம், பாப்பாவுக்கு மருந்த ஏத்திட்டே போறீங்களாமா. பச்ச ஒடம்பு, தாங்குமுங்களா?"

குழாய் குடிக்கும் கதையைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டார்.

"அட, இது நம்ம சோலியாட்டவே இருக்குதுங்க. புது மிஷின்ல மொத லாட்டு ஓட்டுனா மிஷினே கொஞ்சம் சாயத்த இழுத்துக்குமுங்க. சேத்துத்தான் போடோணும்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப, குடிச்சதைய எப்பங்க திருப்பிக் குடுக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது குழாயோடயே போயிரும், நீங்க கவலப்படாதீங்க" என்றேன். நல்ல மனிதர். ஆனால் வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மருந்தியல் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியுமா?

ஆகஸ்ட் 6, புதன்

பாதிச் சாம்பாரில் கேஸ் தீர்ந்தது. பாப்பா நல்ல தூக்கம். அளவு அப்படியே.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று எனக்கு என்னையே பிடித்துப் போயிற்று. பாப்பா நீர் கோத்து மூன்றரைக் கிலோவுக்கு வீங்கியிருக்கிறது. புதிதாக வந்த டாக்டர் அந்த எடைக்குக் கிருமிக்கொல்லி மருந்து எழுதிவிட்டார். வீக்கம் பிள்ளையாகுமா? பிறந்த எடைக்குத்தான் கொடுக்க வேண்டும். பிடித்துவிட்டேன். மேலும், சிறுநீர் குறைவதைப் பார்த்து அடுத்த ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னேன். ரத்தத்தில் அளவு பார்த்தால் நான் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

தேன்மொழி சொன்னாள்: "பாப்பா அப்படியே சமத்து மேடம். குதிகால்ல ஊசி குத்தினாக்கூட ஒரு சிணுங்கல் கிடையாது."

"எல்லாம் கணக்கு பண்ற வேலை" என்றேன்.

அட்டவணையின் மூலையில் தூசி இருந்ததாகத் தோன்றியது, துடைக்கப் போனேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் பாப்பாவின் கட்டில் தெரியும். தலையில் கறுகறுவென்று அவ்வளவு முடி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. துணி மலை மாதிரி கிடக்கிறது. பாப்பா நல்ல தூக்கம். அளவு அப்படியே.

ஆகஸ்ட் 9, சனி

என் வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் ரோஸ் ஆகிவிட்டன!

பள்ளியில் சிவப்பு அணிக்குப் புது பனியன்கள் வந்ததாம். முப்பது பனியன். கஞ்சி போகட்டும் என்று நம் வீட்டு மிஷினில் போட்டிருக்கிறார் இந்த மகராசன்.

"சேத்துப் போட்டீங்களா?" என்றேன்.

"சத்தியமாச் சொல்லுதேன் பிரிசி, மொதல்ல பனியன் மட்டும் தனியாப் போட்டேன். எடுத்துக் காயப்போட்டுட்டுத்தான் ஒன் கோட்டப் போட்டேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியவே பாக்கல!"

"அப்போ ரோஸ் வானத்துல இருந்து வந்துதா?"

"எனக்கென்ன தெரியும்? நீதான விஞ்ஞானி."

பேச்சை நிறுத்திவிட்டேன். பொய் சொன்னால்கூடப் பரவாயில்லை, நம்புகிற மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். புதுக் கோட்டு வியாழக்கிழமைதான் தைத்து வரும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் முடிந்து வரும் வழியில் மருத்துவமனைக்குப் போனேன், குடையை அங்கே விட்டிருந்ததால். நுரையீரல் படம் தெளிந்து வருகிறது என்றார்கள். பாப்பாவை எழுப்பிப் பார்க்கலாம் என்று காலை ஆறு மணிக்கே தூக்க மருந்தை நிறுத்தியிருக்கிறார் டாக்டர். வலிக்கான மருந்து மட்டும் கொஞ்சம் ஓடுகிறது. இன்னும் விழிக்கவில்லை.

குடை வீட்டில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரோஸ் கோட்டில் போய் இறங்கினேன். எக்மோ இயந்திரத்தை ஓட்டும் முபாரக், "மேடம், என்ன, ஐஸ்கிரீம் கடை திறந்துட்டீங்களா?" என்றான். வார்டே சிரித்தது. டாக்டர் இளங்கீரன் மட்டும் சிரிக்கவில்லை.

மருந்தை நிறுத்தி இருபத்தாறு மணி நேரமாகிவிட்டது. பாப்பா அசையவில்லை. கிள்ளினால் முகம் சுளிக்கவில்லை. தலை ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை.

"பிறந்தப்ப மூளைக்கு எவ்வளவு நேரம் ஆக்ஸிஜன் போகலன்னு யாருக்கும் தெரியாது" என்றார் டாக்டர். "நாளைக்கும் இப்படியே இருந்தா, மெஷினத் தொடரணுமான்னு அப்பாகிட்டப் பேசித்தான் ஆகணும்."

என் மருந்துத் தாளை எடுத்து ஒரு முறை பார்த்தேன். என் கணக்கு சரி.

மத்தியானம் கேன்டீன் வாசலில் சென்னியப்பன். டாக்டர் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்கும் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்பத்தானோ என்னவோ, என் கோட்டின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். தொழில்காரர் கை, சும்மா இருக்காது.

"இது சேத்துத் தொவச்சதில்லீங்க மேடம்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சேத்துப் போட்டா திட்டுத் திட்டா ஒட்டும். இது பாருங்க, ஒரே சீரா, லேசா ஏறியிருக்குது. மிஷின் ரப்பருலயும் அடித் தண்ணியிலயும் தங்குன சாயமுங்க இது. முன்ன போட்டதுல இருந்து குடிச்சு வெச்சிருந்து, வெள்ளையக் கண்டதும் கக்கியிருக்குது. எங்க பட்டறையில கறுப்பு ஓட்டுன மிஷின்ல நேரா வெள்ளை ஓட்டவே மாட்டமுங்க. மொதல்ல ஒரு பழைய வெள்ளத் துணியப் போட்டு ஓட்டோணும். தங்குனதைய அது இழுத்துக்கும்."

கையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் நின்றேன். செவ்வாய்க்கிழமை இவர் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. குடிச்சதைய எப்பங்க திருப்பிக் குடுக்கும்?

என் அறைக்கு ஓடினேன். கணக்கை முதல் நாளிலிருந்து மறுபடி போட்டேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஏற்றியது சரி. குழாய் குடித்துக்கொண்டிருந்தது. புதன் சாயங்காலத்தோடு குழாயின் வயிறு நிறைந்துவிட்டிருக்க வேண்டும். அதற்குமேல் கொடுத்ததெல்லாம் முழுசாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. வியாழனே பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். நான் "அளவு அப்படியே" என்று எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்தேன். சிறுநீர் குறைந்ததென்று கிருமிக்கொல்லியைத் தள்ளிப் போட்ட கெட்டிக்காரிக்கு, தூக்க மருந்தும் உடம்பை விட்டு வெளியேறாது என்று தோன்றவில்லை. இப்போது மருந்தை நிறுத்தியும் குழாய் தான் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறது. குதிகாலில் குத்தியும் சிணுங்காத பிள்ளையைச் சமத்து என்றார்களே, அன்றைக்கு எழுந்து போய் ஒரு முறை அந்தக் காலைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் இது என் ஊகம்தான். இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்க இங்கே வசதியில்லை, வெளியே அனுப்பினால் நாலு நாள். மூளையே அடிபட்டிருந்தாலும் பிள்ளை இப்படித்தான் கிடக்கும்.

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "டாக்டர், தப்பு என்னோடது. வியாழக்கெழமையே கொறச்சிருக்கணும், சொல்லல. பாப்பா இன்னும் மருந்துலதான் இருக்கான்னு நெனக்கேன். குழாய் திருப்பிக் குடுத்துக்கிட்டிருக்கு." பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

டாக்டர் மருந்துத் தாளை முதல் நாளிலிருந்து புரட்டிப் பார்த்தார். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "சரி, அப்பாகிட்டப் பேசறதை நிறுத்தி வைக்கலாம். எவ்வளவு நாள் காத்திருக்கணும்?"

அதற்கு முபாரக் பதில் சொன்னான். ஆக்ஸிஜன் ஏற்றும் பகுதியில் ரத்தக் கட்டிகள் தெரிகின்றனவாம், குழாயோடு மொத்தத்தையும் இன்று மத்தியானமே மாற்ற வேண்டுமாம்.

வெள்ளைத் துணி! வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல, எல்லோரும் என் ரோஸ் கோட்டைப் பார்த்தார்கள்.

பழைய குழாய் போனால், கக்கிக்கொண்டிருப்பது போய்விடும். புதுக் குழாய் வந்தால், ரத்தத்தில் மிச்சமிருப்பதை அது குடிக்கும். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். நான் கட்டில் பக்கமே நின்றேன், அப்போது பேனாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்த்தால் தேன்மொழி கையில் ஊசிக்குழல், நிறையத் தூக்க மருந்து.

"இது எதுக்கு?"

"புதுக் குழாய்க்கு ஒன்றரை மடங்கு மேடம். உங்க அட்டவணைலயே போட்டிருக்கே."

அவள் மேல் என்ன தப்பு? நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, தூசி தட்டி வைத்தது. ஊசியை வாங்கி ஓரமாக வைத்தேன். அட்டவணையை நகத்தால் பிய்த்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன், சுவர்ச் சுண்ணாம்போடு வந்தது.

"பாதியில விழிச்சு உதறினா?" என்றார் டாக்டர்.

"உதறட்டும் டாக்டர். அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கோம். வலி மருந்து ஓடுது. நாலு கை பிடிக்கலாம்."

முபாரக் குழாயை இறுக்கி, வெட்டி, புதியதைப் பொருத்தினான். ஐம்பது விநாடி. அந்த ஐம்பது விநாடியும் பிள்ளையை எந்த இயந்திரமும் தாங்கவில்லை. நான் இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கால் என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது.

உதறவில்லை. அசையவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். காரணம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சென்னியப்பனை உள்ளே விட்டிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்று அவரிடமும் சொன்னேன். மருந்து அதிகமாகப் போனது, குறைக்கத் தவறியது நான், அன்றைக்கு நீங்கள் கேட்டது சரியான கேள்வி, நான் சிரித்தது தப்பு என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பார்வையைத் திருப்பாமலே சொன்னார்: "எங்க பட்டறையில ஒரு லாட்டு கெட்டுப்போச்சுன்னா, எதனால கெட்டுச்சுன்னு ஒரு அட்டையில எழுதி அந்த மிஷின் மேலயே கட்டீருவமுங்க. அடுத்த ஷிப்டுக்காரன் பாக்கோணுமில்லீங்களா. நீங்களும் எழுதி ஒட்டீருங்க மேடம்."

"ஒட்டறேன்" என்றேன்.

"கண்ணுல படறாப்புல ஒட்டோணும்."

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, நீல நகம் உள்ள ஒரு விரலைப் பாப்பாவின் உள்ளங்காலில் வைத்து மெதுவாகக் கீறினார். மணி பத்து இருபது.

கால் சுருங்கியது.

தேன்மொழி "ஐயோ மேடம்" என்றாள். அவர் மறுபடி கீறினார். இந்தத் தடவை பாப்பா காலை இழுத்து, முட்டியை மடக்கி, அவர் கையில் ஓர் உதை விட்டாள். புருவம் சுளித்தது. ஒரு கண் திறந்தது, இன்னொன்று திறக்கலாமா என்று யோசித்தது, பிறகு அதுவும் திறந்தது. டாக்டர் இளங்கீரன் ஓடிவந்து டார்ச் அடித்தார். கண்ணை இறுக்க மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெள்ளத் துணி இழுத்துருச்சுங்க" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். ரோஸ் கோட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், அது எப்படியும் இனி உதவாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக செல்வினிடம், "நீங்க சொன்னது நெசம்தான், தனியாத்தான் போட்டிருக்கீங்க" என்றேன்.

"அத யாரு கண்டுபிடிச்சா, விஞ்ஞானியா?"

"டையிங் மாஸ்டர்."

ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பெருமை அடித்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றத்துக்கு செல்வினின் வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் துவைக்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு பழைய வேட்டியைப் போட்டு ஓட்டினேன். வேட்டி லேசாக ரோஸ். அதன் பிறகு போட்ட சட்டை பால் வெள்ளை. தெருவில் அவர் நடந்து போனதைப் பார்க்க வேண்டுமே.

புது அட்டவணை ஒட்டியாயிற்று. முதல் வரி: "இந்தக் குழாய் குடிக்கும். மூன்றாம் நாள் நிறைந்துவிடும். குறைக்கவும். பிறகு திருப்பிக் கொடுக்கும். நினைவிருக்கட்டும்." அதன் கீழே, எதனால் இந்த வரி வந்தது, எந்தத் தேதி, யார் தவறவிட்டது என்று எழுதி என் பெயரையும் போட்டேன். கடைசி வரி: "அளவைச் சொல்லுமுன் பிள்ளையைப் போய்த் தொட்டுப் பார்க்கவும். மருந்தாளுநரும்."

"கடைசி வரி யாருக்கு மேடம்?" என்றாள் தேன்மொழி, தெரியாதவள் மாதிரி.

ஆகஸ்ட் 16, சனி

பாப்பாவை எக்மோவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நுரையீரல் தானே வேலை செய்கிறது. கழுத்தில் ஒரு சின்னத் தையல். தொண்டைக் குழாய் மட்டும் இருக்கிறது, அதனால் வாய் திறந்து அழுதாலும் சத்தம் வராது. முகம் மட்டும் அழுகிறது. அம்மா கோகிலவாணி தையல் வலியோடு மெதுவாக நடந்து வந்து பார்த்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இத்தன முடி யாரு மாதிரிங்க?"

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்மா போன். பெரியப்பாவுக்கு முட்டு வலி குறைந்துவிட்டதாம். கடை நன்றாக ஓட வேண்டும் என்று ஜெபித்தாளாம். ஆமென் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்று மணி இருக்கும். என் அறையில் உட்கார்ந்து வேறொரு பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வார்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம், கரகரவென்று, கட்டிப்போன தொண்டையில் ஒரு கத்தல். நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை இரண்டு மடங்கு கோபத்தோடு.

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

பதினேழு நாள் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுகிறாள் என்று நடைக்கூடத்தில் யாரோ சிரித்தார்கள். முபாரக் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். சென்னியப்பன் யாருக்கோ போன் போட்டு, பேசாமல், போனை அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்.

பேனா என் மேசையில் இருந்தது. குடை ஆணியில் தொங்கியது. அங்கே நான் எதையும் மறந்து வைத்திருக்கவில்லை.

சும்மாதான் ஓடினேன்.